வித்தியாசம் ஏழு

“ஏனுங்கம்மணி, ஊரெல்லாம் வெயிலு காயுது. உங்க ஷெட்டுக்குள்ள மட்டும் மழை பேயுதுங்களா?”

வரதராஜுலு மாமா இப்படிக் கேட்டது தை மாதம் முதல் வாரத்தில். நான் கார் ஷெட்டு வாசலில் ஈரச்சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். யார் கேட்டாலும் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது தொண்டைக்கு வருவதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள். மாமா போகவில்லை. ஷெட்டுச் சுவரில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் சுண்ணாம்பு சந்தனம்போலக் குழைந்து ஒட்டியிருந்தது.

“இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு உங்கப்பாருக்குத் தெரியுமல்லங்க?”

தெரியும். அந்தப் பக்கம் அவருடைய பட்டறை. எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். ஆவாரம்பாளையத்தில் தெருவுக்கு இரண்டு பட்டறை என்றாலும் அவர் சுற்றிய மோட்டார் நாள்பட உழைக்கும் என்று பெயர். சுற்றி முடித்ததையெல்லாம் அந்தச் சுவரோரப் பலகையில்தான் அடுக்கி வைப்பார். கம்பிச் சுற்றுக்குள் ஈரம் ஏறினால் கரண்ட் கசியும். போட்ட அன்றே மோட்டார் புகைந்துவிடும்.

“கோபிச்செட்டிபாளையத்துக்காரரு ஒருத்தரு நேத்து மோட்டாரத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல எறக்கி வெச்சுப்போட்டுப் போயிட்டாருங்க. பேச்சே இல்ல. வாழை காயுதாமா. எனக்கு இருவது வருசத்துல இப்படி ஒரு அவமானம் வந்ததில்லீங்க. இன்னும் ரெண்டு ஞாயிறு பாப்பேன். அதுக்குள்ள செவுரு காயோணும். காயிலீன்னா தொட்டியெல்லாம் வெளிய எடுத்துருங்கன்னு உங்கப்பாருகிட்டச் சொல்லிருங்க. சொல்லுவீங்கல்ல?”

தலையாட்டினேன்.

ஷெட்டும் நாங்கள் குடியிருந்த பின்கட்டும் வரதராஜுலு மாமாவுடையவை. அவர் காரை விற்ற பிறகு சும்மா கிடந்த ஷெட்டை அப்பா கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, இருபத்தாறு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். கலர் மீன். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா நேரே அங்கேதான் போவார். பகல் முழுக்க நான் பார்த்துக்கொள்வேன்.

ஒன்பதாம் வகுப்பு பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். எழுந்து வாசி என்றால் எனக்குக் குரல் வராது. வரும்வரை நிற்க வைத்தார்கள். ஒருநாள் மத்தியானம் வரை நின்றேன். பையை எடுத்துக்கொண்டு வந்தவள் பிறகு போகவில்லை. இது நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அப்பாவின் பெயர் சென்னியப்பன். நூல் மில்லில் இருபத்தெட்டு வருடமாக ஈரக்காற்றுப் பிளான்டில் வேலை. காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் மில் ஹால் முழுக்க ஈரக்காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஈரம் என்று பார்க்க, ஒரு பலகையில் இரண்டு பாரன்ஹீட் தெர்மாமீட்டரை மாட்டியிருப்பார்கள். ஒன்று சும்மா இருக்கும். அதற்கு டிரை என்று பெயர். மற்றொன்றின் அடிக்குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் வால் ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் தொங்கும். அது வெட். காற்று காய்ந்திருந்தால் திரி சீக்கிரம் உலரும், குளிரும், வெட் இறங்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கூடினால் காற்று காய்கிறது. வித்தியாசம் குறைந்தால் ஈரம் ஏறுகிறது. வித்தியாசமே இல்லை என்றால் காற்று இதற்கு மேல் தண்ணீர் குடிக்காது.

மில்லில் கழித்துப் போட்ட ஒரு பலகையை அப்பா கொண்டு வந்து ஷெட்டில் மாட்டியிருந்தார். நான் காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஐந்து என்று நான்கு தடவை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். காலையில் பாட்டிலை நிரப்ப வேண்டும். போர் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பு ஏறித் திரி விறைத்துவிடும். குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர்தான். அந்த நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து நான் வேறு சிலவும் எழுதுவேன். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அந்தத் தையில் ஷெட்டுக்குள் அவ்வளவு ஈரம் எதற்கென்றால், ஃபைட்டர் குஞ்சுகளுக்காக. அந்த மீன் தண்ணீருக்குள் மட்டும் மூச்சு விடாது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். பொரித்து மூன்று வாரம் ஆன பிறகுதான் குஞ்சு அதைப் பழகும். அந்தச் சமயத்தில் காய்ந்த குளிர்காற்று ஒரு வாய் உள்ளே போனால் முடிந்தது. தையில் கோயம்புத்தூர்க் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, உதடு சொல்லும்.

அப்பா மில்லில் செய்வதையே ஷெட்டிலும் செய்தார். ஷட்டரை இறக்கி, கம்பி கட்டி, ஈரச்சாக்கை வரிசையாகத் தொங்கவிட்டார். வித்தியாசம் நாலுக்கு மேல் போகக் கூடாது என்றார். குஞ்சுகள் சுகமாக இருந்தன. சுவர் அழுதது.

மாமா சொன்னதை நான் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

“நாலு வேண்டாங்கண்ணு. ஏழு வெச்சுக்கலாம். ஏழுன்னா செவுரும் பொழைக்கும், குஞ்சும் பொழைக்கும்.”

மறுநாள் வென்டிலேட்டரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். வித்தியாசம் ஐந்துக்குக் கீழே வந்தால் ஃபேனைப் போட வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஃபேனை நிறுத்திச் சாக்கை நனைக்க வேண்டும். நாள் முழுக்க நான் அந்த ஏழைச் சுற்றியே நடந்தேன்.

இதற்கு நடுவில்தான் ராமாமணி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. அவள் புருஷன் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. யாரையும் கேட்காமல் திருப்பூர் போய், இன்று ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வந்த உடனே ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏனுங்ணா, எத்தன நாளைக்கு இவளையும் சாக்கு நனைச்சுப் போட்டு வளப்பீங்க? இவளும் என்ன மீன்குஞ்சா?”

“அவளுக்கு ஆளுகளக் கண்டா ஆகறதில்ல ராமாமணி.”

“ஆளுகளக் கண்டாத்தான ஆகும்? எங்க கம்பெனில முன்னூறு புள்ளைக. கொண்டுபோயி டேபிள்ல நிக்க வெச்சா ஒரே மாசத்துல வாய் தொறந்துக்கும். ஆஸ்டலு இருக்குது. ஒரு ரூமுக்குப் பன்னெண்டு பேரு. ராத்திரி பூராச் சிரிப்புத்தான்.”

“அவ வாய் தொறக்காட்டியும் காது நல்லாக் கேக்குது. மெதுவாப் பேசுங்க,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

கேட்டது. பன்னிரண்டு பேர் என்றதும் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்பா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “இந்த ஈத்துல முன்னூறு குஞ்சு இருக்குது. ஆரம்பத்துல இருந்து அவதான் பாக்கறா. நீ மறுக்கா வாரப்ப எண்ணிப் பாப்போம். பாதி தேறியிருந்தா இதுவே அவளுக்கு வேலைன்னு உட்டுருவோம். தேறலீன்னா நீ கூட்டிட்டுப் போ.”

“பேச்சு மாறமாட்டீங்களே?”

“நா எந்நேரம் மாறியிருக்கறேன்?”

நூற்றைம்பது. அன்றிலிருந்து அந்த எண் எனக்கு உறக்கத்திலும் தெரிந்தது.

பெரிய தொட்டியில் இருநூற்று நாற்பது இருந்தன. மீதி அறுபதை ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினில் பிரித்து வைத்திருந்தேன். கூரையிலிருந்து பல்லி விழுகிறது என்று, பேசினின் மேல் பழைய சன்னல் கண்ணாடி ஒன்றை வைத்து மூடுவேன். அப்பா பார்த்தால் எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுவார். “மூடாத கண்ணு. ரூம்புக் காத்து ஒட்டுக்கா ஒரே மாதிரி இருக்கோணும்,” என்பார். மில்லில் அப்படித்தான். அவர் போனதும் நான் மறுபடி மூடிவிடுவேன். இது மட்டும்தான் நான் அப்பாவிடம் மறைத்தது.

இரண்டாவது ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளி சாயங்காலம், மாமா பட்டறை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். போன் அவர் வீட்டில்தான் இருந்தது.

“அம்மணி, உங்க அத்தை பேசினாங்க. ஞாயித்துக்கெழமை மொத பஸ்ஸுக்கு வாராங்களாமா. துணிமணி எடுத்து வெக்கச் சொன்னாங்க.” பிறகு சிரித்தார். “நானும் அன்னிக்குத்தான் செவுரு பாக்க வாரேன். ஒட்டுக்கா ரெண்டு பரிச்சை உங்களுக்கு.”

அன்று ராத்திரி நான் சரியாக உறங்கவில்லை. சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தில் அடியில் கிடந்ததை அம்மா சமையலுக்கு எடுத்துவிட்டாள். மத்தியானம் தண்ணீர் வந்ததும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பத்து மணிக்கு டிரை எழுபத்தொன்பது, வெட் எழுபத்திரண்டு. வித்தியாசம் ஏழு. தண்ணீர் பன்னிரண்டரைக்கு வந்தது. அம்மாவோடு சேர்ந்து குடம் குடமாகப் பிடித்து வைத்தேன். பாட்டில் மறந்துபோயிற்று.

இரண்டு மணிக்கு எண்பது, எழுபத்தொன்பது. வித்தியாசம் ஒன்று. எழுதினேன். எழுதும்போதே உதட்டை நாக்கால் தடவினேன். உதடு வெடித்திருந்தது. உள்ளே இவ்வளவு ஈரம் இருந்தால் உதடு ஏன் வெடிக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. ஃபேனையும் போடவில்லை.

ஐந்து மணிக்கு அப்பா வந்து பலகையைப் பார்த்தார்.

“சைபரா? எண்பது, எண்பது! என்ன கண்ணு இது, நாளைக்கு அவரு செவுரு பாக்க வாராரே!”

சாக்குகளை உருவி வெளியே போட்டார். ஃபேனைப் போட்டார். ஷட்டரை ஒரு அடி தூக்கிவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அப்போதும் சைபர்.

“ஃபேன் ஓடியும் எறங்க மாட்டேங்குதே,” என்று முனகினார். “ஓடட்டும். விடிய விடிய ஓடட்டும்.”

எனக்கு ஷெட்டுக்குள் கண் எரிந்தது. “அப்பா...” என்றேன். “என்ன கண்ணு?” என்றார். “ஒண்ணுமில்லீங்க,” என்றேன். தெர்மாமீட்டரைக் காட்டி அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: தோலு ஏமாத்தும், கண்ணாடி ஏமாத்தாது.

ஞாயிறு காலை ஆறரைக்கு நான் போனபோது ஷெட்டின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே வரதராஜுலு மாமா நின்று, உள்ளங்கையைச் சுவரில் முழுதாக வைத்திருந்தார். அவரிடம் ஒரு சாவி உண்டு.

“வாங்கம்மணி. பாஸு பண்ணிட்டீங்க. செவுரு எலும்பாட்டம் காஞ்சுபோச்சு,” என்று கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

நான் பெரிய தொட்டியைப் பார்த்தேன்.

தண்ணீரின் மேல் யாரோ சீரகத்தைத் தூவிவிட்டாற்போல் இருந்தது. குனிந்தேன். குஞ்சுகள். பக்கவாட்டில் சாய்ந்து, ஃபேன் காற்றில் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் கிடந்தன. அடியில் ஒன்றிரண்டு மட்டும் அசைந்தன.

பலகையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. அப்போதும் சைபர்தான். கை தானாகப் போய்த் திரியைத் தொட்டது. வைக்கோல்போல விறைத்திருந்தது. பாட்டிலுக்குள் ஒரு சொட்டு இல்லை, கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வளையம்தான் இருந்தது.

காய்ந்த திரி சுற்றிய தெர்மாமீட்டர் வெட் இல்லை. அதுவும் டிரைதான். நேற்று மத்தியானத்திலிருந்து இரண்டு டிரை பக்கத்தில் பக்கத்தில் தொங்கி, ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் அதை ஈரம் என்று படித்தோம். காய்ந்த அறையை ராத்திரி முழுக்க இன்னும் காயப்போட்டோம்.

பிறகு நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். அடுக்களைக்கு ஓடிக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து பாட்டிலை நிரப்பினேன். திரியையும் நனைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்து முடித்தபோது எதற்காகச் செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது. ஃபேனை நிறுத்தினேன். பாதரசம் என் கண் முன்னால் இறங்கியது. எழுபது. அறுபத்தாறு. அறுபதில் நின்றது.

அப்பா வாயில் வேப்பங்குச்சியோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார். குச்சியைத் துப்பினார். பலகையைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

“நாயுடு! செத்த இங்க வாங்க.”

மாமா சிரித்தபடியே திரும்பி வந்தார். “செவுரு சூப்பருங்க கவுண்டரே.”

“கதவ எந்நேரமுங்க தொறந்தீங்க?”

“இப்பத்தானுங்க. பத்து நிமிசம் இருக்கும்.”

“பத்து நிமிசத்துல வித்தியாசம் பன்னெண்டுக்குப் போவுமுங்களா? நேத்து ராத்திரி ஃபேன் ஓடியும், நானு பாக்கறப்ப சைபரு. விடியங்காட்டியே தொறந்து போட்டிருக்கறீங்க. இருவத்தெட்டு வருசமா மில்லுல இதைத்தான் பாத்துட்டிருக்கறனுங்க நானு.”

“மில்லுல மீனு வளத்தீங்களாக்கும்?”

“கொன்னும்போட்டு நக்கலு வேற பண்றீங்களேங்க!”

“ஆருங்க கொன்னது? எஞ் செவுத்த நாந் தொட்டுப் பாத்தா அது கொலக் கேசுங்களா?”

“உங்களுக்குச் செவுரு காயோணும். அதுக்கு வேணும்னே தொறந்து உட்டுட்டீங்க. இருநூறு உசுருங்க.”

“என்னுங்க இப்படிப் பேசறீங்க? எங்க குலதெய்வம் மேல சத்தியமா...”

“சத்தியமெல்லாம் வேண்டாங்க. கண்ணாடி பொய் சொல்லாது.”

பக்கத்து மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. மாமாவின் முகம் கறுத்துவிட்டது. எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் மனிதர், கதவருகே ஒதுங்கி நின்றார். அந்த நேரத்தில்தான் கேட்டைத் திறந்துகொண்டு ராமாமணி அத்தை வந்தாள். தோளில் அவளுடைய பை. கையில் மடித்த இன்னொரு பை, வெறும் பை. அது எனக்கு.

“என்னுங்ணா, தெருமுக்கு வரைக்கும் கேக்குது?”

அப்பா தொட்டியைக் காட்டினார். அத்தை குனிந்து பார்த்தாள். அவள் முகமும் வாடியது, அதையும் சொல்ல வேண்டும்.

“ஐயோ. அப்ப... எண்ணறதுக்கு ஒண்ணுமில்ல போலிருக்குதே.”

“இது அவ தப்பில்ல ராமாமணி. வெளியாளு பண்ணுன வேலை. இந்த ஈத்து நம்ம பேச்சுல சேராது. அடுத்த ஈத்து பொரியட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அவ இங்கயே இருக்கட்டும்.”

அவ இங்கயே இருக்கட்டும். நான் இத்தனை நாளாகக் கேட்க நினைத்த வார்த்தை அது. நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குப் புதிதல்ல. அதுதான் எனக்கு வரும்.

மாமா கதவருகே நின்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தி அந்தச் சாவியை வளையத்திலிருந்து கழற்றினார். அதை அப்பாவிடம் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்தது.

“அப்பா.”

மூன்று பேரும் திரும்பினார்கள். வகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது. ஆனால் அன்று வாசிக்க வேண்டிய வரி புத்தகத்தில் இருந்தது, இது என்னிடம் இருந்தது.

“மாமா இல்லீங்க.”

“என்ன கண்ணு?”

“பாட்டில்ல தண்ணி இல்லீங்க. நேத்தே இல்லீங்க. நாந்தான் ஊத்துல. மறந்துபோச்சு. இப்பத்தான்... நீங்க வரதுக்கு மின்னால ஊத்தி வெச்சுட்டேன்.”

அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. பலகை அருகே போனார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உப்பு வளையத்தை நகத்தால் சுரண்டினார்.

“அப்ப நேத்து சைபரு...”

“துணி காஞ்சுபோய்க் காட்டுன சைபருங்க.”

அவர் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார்.

“ஃபேனப் போட்டது நானு. திரியத் தொட்டுப் பாக்கல. மில்லுல புதுசா வர்ற பசங்களுக்கு நாஞ் சொல்லிக் குடுக்கற மொதப் பாடம் அது.” பிறகு எழுந்தார். கை கூப்பினார். “தப்பாப் பேசிப்போட்டனுங்க நாயுடு. மனசுல வெச்சுக்காதீங்க.”

மாமா சாவியை மறுபடி வளையத்தில் கோத்தார். அதற்கு நேரமாயிற்று. “பரவால்லீங்க. அரைமணி நேரம் கொலகாரனா இருந்தனுங்க. இப்ப மறுக்கா வெறும் ஊட்டுக்காரனாயிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அத்தைதான் முதலில் பேசினாள்.

“தப்ப மறைக்காமச் சொல்லிப்போட்டா. நல்ல புள்ள. ஆனா பேச்சுன்னா பேச்சுதானுங்ணா? எண்ணுங்க.”

நான் எண்ணினேன். பெரிய தொட்டியில் உயிரோடு பத்தொன்பது. பேசினில் கண்ணாடியைப் பாதி நகர்த்தி, சின்ன வலையால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

“எழுவத்தேழுங்க.”

“பாதிக்குப் பாதிதான்,” என்றாள் அத்தை. வெறும் பையை உதறி விரித்தாள். “எட்டரை பஸ்ஸப் புடிச்சரலாம். நாலு பாவாடை, ரெண்டு தாவணி போதும் கண்ணு. மத்தது அங்க வாங்கிக்கலாம்.”

“இரு ராமாமணி,” என்றார் அப்பா. அவர் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதே ரூம்பு, அதே காத்து. இதுல எப்படி ரெண்டே ரெண்டு போயிருக்குது?”

“கண்ணாடி மூடியிருந்துதுங்க.”

“நாந்தான் மூடாதேன்னு எடுத்து வெச்சேனே.”

“நீங்க போனதும் மறுக்கா மூடிருவனுங்க.”

மாமா ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் நான்கு வேளை பார்த்து எழுதியது எல்லாம் ஒன்றாக வந்தது.

“குஞ்சு மூச்சு உடறது தண்ணிக்கு மேல ரெண்டு வெரக்கடை ஒசரத்துலதானுங்கப்பா. அந்த ரெண்டு வெரக்கடை ஈரமா இருந்தாப் போதுங்க. ரூம்பு பூரா எதுக்குங்க? சாக்கு எதுக்கு, ஃபேன் எதுக்கு? நூலுன்னா ஹாலு பூரா ஓடுது. மீனு எங்க ஓடுதுங்க? இது மில்லு இல்லீங்களேப்பா.”

மாமா வந்து சன்னல் கண்ணாடியை மெல்லத் தூக்கினார். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. சாய்த்ததும் வழிந்து பேசினுக்குள்ளேயே சொட்டியது.

“ஏறுனது அங்கயே எறங்குது,” என்றார். “எஞ் செவுத்துக்கு வாரதுக்கு வழியே இல்லீங்களே! கவுண்டரே, அல்லாத் தொட்டிக்கும் இப்படி ஒண்ணு போட்டு உட்டீங்கன்னா எனக்கு எந்தப் பிராதும் இல்லீங்க.”

“மீனுக்கு வழி கெடச்சுது, செவுத்துக்கு வழி கெடச்சுது,” என்றாள் அத்தை. “இவளுக்கு?” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “நா என்ன கெடுதலுக்கா கூப்புடறேன்? நாளைக்கு எங்கண்ணனும் அண்ணியும் இல்லாட்டி இவ எந்தக் கதவுக்குப் பின்னால போயி நிப்பா? எனக்கு ஆரும் நின்னாங்களா? வா கண்ணு.”

“நா வரலீங்கத்தே.”

“பேசுன பேச்சு இருக்குதல்ல?”

“பேசுனது அப்பாவும் நீங்களுமுங்க. என்னைய ஆரும் கேக்குல.”

“நீதான் வாயே தொறக்க மாட்டியே சாமி, எப்படிக் கேக்கறது?”

“இப்பக் கேளுங்க.”

அத்தை என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “வாரயா?”

“இல்லீங்க.”

என் குரல் உடையவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. அம்மா மூன்று டம்ளர் காப்பியோடு வாசற்படியில் அப்படியே நின்றிருந்தாள்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்ணா. நீங்க குடுத்த வாக்கு. போடின்னு சொன்னாப் போதும், அவ வருவா.”

அது உண்மை. அப்பா போ என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் பெரிய தொட்டிப் பக்கம் போனார். செத்த குஞ்சுகள் ஒதுங்கிய மூலையில் வலையை விட்டு எடுத்தார். வலையைப் பக்கெட்டில் தட்டினார். மாமா தூக்கிய கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துத் தொட்டியின் வாயைச் சாண் போட்டு அளந்தார். நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். மறுபடி நீளத்தை அளந்தார்.

அத்தை காத்திருந்தாள். அப்பா அடுத்த தொட்டிக்குப் போய் அதையும் அளக்கத் தொடங்கினார்.

அத்தை விரித்த பையை நான்காக மடித்தாள். மடிப்பை உள்ளங்கையால் நீவித் தன் பைக்குள் வைத்தாள். அம்மா நீட்டிய காப்பியைப் பார்த்தாள், வாங்கவில்லை. என் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள், எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.